செத்த கவிஞருக்குப் பிறந்தநாள்

போன ஜனவரியில் மொன்றியலுக்குப் போனது ஊர் பார்க்க அல்ல. என் மகள் ஆரணி அங்கேயே படித்து, வேலையும் எடுத்து, கலம் என்ற ஸ்கொட்டிஷ் பரம்பரைப் பொடியனையும் பார்த்துவிட்டாள். பொடியனின் தகப்பன் டங்கன் கலியாணத்துக்கு ஓமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. ஸ்கொட்ஸ் மொழியின் பெருங்கவிஞர் ஒருவரை நினைவுகூர்ந்து வருடா வருடம் வீட்டில் விருந்து வைப்பவர் அவர். இந்தமுறை என்னையும் அழைத்து, கவிஞரைப் பற்றி ஐந்து நிமிடம் பேசச் சொல்லியிருந்தார். "கவனம் அப்பா. அவர் உங்களைப் பாக்கத்தான் கூப்பிடுறார்" என்றாள் மகள்.

நான் விடுவேனா? இரண்டு கிழமை இருந்து வாசித்தேன். ஏழை விவசாயியின் மகன். ஏர் பிடித்துக்கொண்டே பாட்டெழுதியவர். காதல்களுக்குக் கணக்கில்லை, இதை ஆரணிக்குச் சொல்லவில்லை. பிழைப்புக்காக வரி அதிகாரியாகக் குதிரையில் அலைந்து, முப்பத்தேழு வயதில் போய்ச் சேர்ந்தார். அடக்கம் நடந்த அன்றே மனைவிக்குப் பிள்ளை பிறந்ததாம். அதற்கு மேல் அன்று வாசிக்க முடியவில்லை. நானும் தகப்பன் முகம் பார்க்காத பிள்ளை.

சனி காலை 9.30க்கு ரொறன்ரோவில் பஸ் ஏறினேன். 540 கிலோமீற்றர், ஆறரை மணித்தியாலம், 62 டொலர். கால் நீட்ட இடமில்லை, சொல்லிவிட்டேன். ஞாயிறு குளிர் மைனஸ் 19. செத்தவரை நினைத்து வருடா வருடம் விருந்தென்றால் திவசம்தானே, வெள்ளை வேட்டி கட்டாமல் போகலாமா? உள்ளே இரண்டு தெர்மல் காற்சட்டை. பீல் மெட்ரோவிலிருந்து ஐந்து நிமிட நடையில், டவுன்டவுன் சதுக்கத்தில் கவிஞரின் சிலை நிற்கிறது. தலையில் ஒரு சாண் பனி. டெப்பனர் என்கிற மூலைக்கடையில் வாங்கிய வெள்ளைப் பூக்களைக் காலடியில் வைத்துக் கும்பிட்டேன். நாயோடு வந்த ஒருவர் தொப்பியைக் கழற்றினார்.

டங்கன் வீடு டோர்வலில். டாக்ஸியில் இருபது கிலோமீற்றர், 52 டொலர். ஓட்டியவர் செயின்ட்-மிஷேலில் இருக்கும் மன்னார்க்காரர். வேட்டியைக் கண்டதும் ஆருடைய செத்தவீடு என்று கேட்டார். விளக்கினேன்.

"அண்ணை, பிறந்தநாளோ செத்தநாளோ எண்டு கேட்டனீங்களோ?"

"செத்த ஆளுக்கு ஆர் தம்பி பிறந்தநாள் கொண்டாடுவினம்?"

அவர் கண்ணாடியில் என் வேட்டியை இன்னொருமுறை பார்த்துவிட்டு ரேடியோவைக் கூட்டினார்.

கதவைத் திறந்த டங்கன் கட்டம் போட்ட பாவாடையும் கையில் விஸ்கியுமாகச் சிரித்தார். நான் சிரிக்காமல் அவர் கையைப் பிடித்து அனுதாபம் சொன்னேன். பிறகு, நான் அச்சடித்துக் கொண்டுபோன நாற்பது கண்ணீர் அஞ்சலித் துண்டுகளை எல்லோருக்கும் கொடுத்தேன். நடுவில் கவிஞர் படம், இருபுறமும் குத்துவிளக்கு, கீழே ஆங்கிலத்திலும் தமிழிலும் 'பிரிவால் துயருறும் டங்கன் குடும்பத்தார்'. ஆரணி அதை வாசித்துவிட்டு என் காதில், இது கவிஞருடைய பிறந்தநாள் விருந்து என்றாள். துண்டுகளைத் திருப்பி வாங்கவா முடியும்?

குழலூதி ஊர்வலமாக ஒரு தட்டு வந்தது. ஆட்டின் ஈரலும் இதயமும் நுரையீரலும் கொத்தி, ஓட்ஸ் சேர்த்து, இரைப்பையில் அடைத்து அவித்தது. நான் குடல் கறிக்கு உயிரை விடுபவன். ஆனால் திவசத்துக்கு மரக்கறிதான் என்று வாசலிலேயே டங்கனிடம் சொல்லித் தொலைத்துவிட்டேன். மசித்த உருளைக்கிழங்கைச் சாப்பிட்டேன்.

மற்றவர்கள் பேச்செல்லாம் ஒரே பகிடி. என்னிடம் இருந்ததோ இரங்கல் உரை. வேறு வழியில்லாமல் அதையே வாசித்தேன். முதலில் சிரித்தார்கள். அடக்கத்தன்று பிறந்த பிள்ளையின் இடம் வந்தபோது தாளை மடித்துவிட்டேன். "நானும் அப்பிடிப் பிறந்தவன்தான்" என்று தமிழிலேயே வந்துவிட்டது. ஆரணி ஆங்கிலத்தில் சொன்னாள். ஒருவரும் கைதட்டவில்லை. டங்கன் எழுந்து, கிளாசை உயர்த்திக் குடித்துவிட்டு உட்கார்ந்தார். புறப்படும்போது, செத்தநாள் வந்தால் நீங்கள் என்னென்ன செய்வீர்கள் என்று மட்டும் கேட்டார். மரக்கறி, படையல், அந்த மாதம் நல்ல காரியம் வைக்கமாட்டோம் என்றேன். மகளின் கலியாணத்தை நானே கெடுத்துவிட்டேன் என்று திரும்பி வரும் வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டு வந்தேன்.

போக நினைப்பவர்களுக்கு: ஜனவரியில் நல்ல பூட்ஸ் வேண்டும். சிலையைப் பார்க்கக் காசில்லை. எந்த விருந்தென்றாலும், என்ன நாள் என்று முதலே கேளுங்கள். தட்டில் வருவதைச் சாப்பிடுங்கள். அந்த வாசம் இன்னும் மறக்கவில்லை.

இரண்டு கிழமை கழித்து ஆரணி போன் எடுத்தாள்.

"அப்பா, டங்கன் கேக்கிறார். ஜூலையில கவிஞற்ற திவசம் வருதாம். கலியாணத்தை ஆகஸ்ட்டில வைப்பமோ எண்டு."