ரீச்சரோடு கதைத்த மனிதர்

நான் கல்யாணம் கட்டி ஒட்டுசுட்டான் பக்கம் வந்தபோது எங்கள் சந்தியில் ஒரு கூட்டுறவுச் சங்கக்கடையும் ஒரு தபால் கந்தோரும் ஒரு தேத்தண்ணிக் கடையும்தான் இருந்தன. மற்றதெல்லாம் வெளி. நாலு பக்கமும் வயல், வயல் முடிகிற இடத்தில் காடு. நான் வவுனியாவில் பஸ் நிலையத்துக்குக் கிட்ட வளர்ந்தவள், சத்தம் கேட்டுப் பழகிய காது. இங்கே பின்னேரமானால் மாட்டு மணியைத் தவிர ஒன்றும் கேட்காது.

அந்த வெளியைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். என் வீட்டுக்காரரின் வாயைத்தான் பொறுக்க முடியவில்லை. இவர் நல்ல மனிதர், அதில் ஒரு குறையும் சொல்லமாட்டேன். குடிக்கமாட்டார், கை நீட்டமாட்டார். ஆனால் கதைக்கவும் மாட்டார். "ஓம்", "இல்லை", "சாப்பாட்டைப் போடு." இவ்வளவையும் வைத்துக்கொண்டே அந்த மனிதர் ஒரு குடும்பத்தை நடத்தினார். கோபம் வந்தால்கூட மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போய்விடுவார். மாமி தன் மகள் வீட்டிலிருந்து வந்திருந்தபோது நான் மெதுவாக முறைப்பட்டேன்.

"அவன் சின்னனிலையிருந்தே அப்பிடித்தான், பிள்ளை. உள்ளுக்கை ஒண்டும் இல்லை, அதாலை வெளியிலை ஒண்டும் வராது" என்றார் மாமி.

பெற்ற தாயே சொன்ன பிறகு நான் என்ன செய்வது? நம்பினேன். பிள்ளைகளும் இன்னும் பிறக்கவில்லை. கோழியோடும் ஆட்டுக்குட்டியோடும் கதைத்துக்கொண்டு காலத்தைக் கடத்தினேன்.

பிறகு சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணமே வெளிக்கிட்டு எங்கள் பக்கம் வந்தது. முதலில் பள்ளிக்கூடம் நிரம்பியது, பிறகு மரத்தடிகள், பிறகு எங்கள் வளவுகள். கொஞ்சக் காலத்தில் சந்தி அடையாளம் தெரியாமல் மாறிவிட்டது. பேக்கரி வந்தது, தையல்கடை வந்தது, தென்னோலைக் கிடுகால் வேய்ந்த, பிள்ளைகளுக்கு ரியூசன் கொடுக்கிற ரியூட்டரி வந்தது. தெருவோரம் போத்தல்களில் மண்ணெண்ணெய் விற்றார்கள், சைக்கிளுக்கு ஒட்டுப் போட வரிசையில் நின்றார்கள். நான் ஏங்கிய சத்தமெல்லாம் வாசலுக்கே வந்து சேர்ந்தது. எனக்குச் சந்தோசம்தான். அந்தச் சத்தத்தோடு ரீச்சரும் வந்தார்.

ரீச்சரும் அவருடைய தாயும் எங்கள் வளவின் மேற்கு மூலையில் கொட்டில் போட்டுக்கொண்டார்கள். இடம் கொடுத்தது இவர்தான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாரா? தடி வெட்டி, கிடுகு கட்டி முடிகிற நேரத்தில்தான் எனக்கே தெரியும். ரீச்சருக்கு என் வயதுதான் இருக்கும். புருசன் வெளிநாட்டில். கண்ணாடி போட்டு, குடை பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போவார். வடிவு என்று சொல்ல முடியாது. பல தடவை உற்றுப் பார்த்துத்தான் இதைச் சொல்கிறேன்.

ரீச்சரிடம் ஒரு ரேடியோ இருந்தது, ஆனால் பற்றரி இல்லை. அந்த நாட்களில் அரசாங்கத் தடையால் எங்கள் வன்னிக்குள் பற்றரி வராது. எல்லாரும் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து ரேடியோவுக்குக் கொடுப்பார்கள். ஒரு ஆள் குந்தியிருந்து மிதியைக் கையால் சுற்ற வேண்டும். சுற்று தளர்ந்தால் குரல் அமுங்கிப்போகும். டைனமோ பூட்டிய சைக்கிள் எங்களுடையது. ஆகவே பின்னேரச் செய்திக்கு இவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு அந்தக் கொட்டிலுக்குப் போகத் தொடங்கினார்.

செய்தி முடியும், சைக்கிள் சில்லு நிற்கும், இவர் வரமாட்டார். நான் குசினி வாசலில் நின்று பார்ப்பேன். ரீச்சர் கதிரையில், தாய் பாயில், இவர் கவிழ்த்த சைக்கிளுக்குப் பக்கத்தில். இவருடைய கை மேலும் கீழும் ஆடும். கையை ஆட்டிக் கதைக்கிற மனிதரா இவர்? ரீச்சர் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிப்பார். தாய்க்காரி பக்கத்தில் இருக்கிறார், ஊருக்கே தெரிகிற வாசல், குற்றம் சொல்ல ஒன்றுமே இல்லை. ஏதாவது குற்றம் இருந்திருந்தால் சண்டையாவது பிடித்திருப்பேன்.

"இஞ்சாருங்கோ, அங்கை என்ன அவ்வளவு கதை?"

"ஒண்டுமில்லை."

"செய்தியிலை என்ன சொன்னவங்கள்?"

"வழமையானதுதான். சாப்பாட்டைப் போடு."

ஒரு பின்னேரம் அடுப்பை அணைத்துவிட்டு நானும் போனேன். செய்திக்கு முன்னால் போகிற பாட்டு போய்க்கொண்டிருந்தது.

"விடுங்கோ, நான் சுத்துறன்" என்று சொல்லி இவரைத் தள்ளிவிட்டுக் குந்தினேன்.

"ஏனக்கா உங்களுக்குக் கரைச்சல்?" என்றார் ரீச்சர்.

"எங்கடை சைக்கிள்தானே. எனக்கென்ன கரைச்சல்."

ரீச்சர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இவர் பக்கம் திரும்பினார். "அண்ணை, செய்தி தொடங்க முதல் நேற்று விட்ட இடத்திலையிருந்து சொல்லுங்கோ."

நேற்று விட்ட இடமாம்! எனக்கு விட்ட இடமும் இல்லை, தொட்ட இடமும் இல்லை. என் கை வேகம் பிடித்தது. பாட்டு பெரிதாகிக் கத்தியது. "மெல்ல, மெல்ல!" என்று இவர் எழும்பி ஓடி வந்தார். ரேடியோ ஒருமுறை கீச்சிட்டது, பிறகு எரிந்த மணம் வந்தது, அதோடு அதன் கதை முடிந்தது.

நான் வேண்டுமென்றே செய்ததாகச் சந்தியில் கதை அடிபட்டது. இல்லவே இல்லை. அந்த யோசனை எனக்கு முதலே வரவில்லையே என்பதுதான் இன்றைக்கும் என் கவலை.

அடுத்த நாள் பின்னேரம் நிம்மதியாக அரிசி களைந்தேன். இனி அங்கே இவருக்கு என்ன வேலை? இவர் வயலால் வந்தார், கால் கழுவினார், சைக்கிளை வேலியோடு சாத்தினார். பிறகு வெறுங்கையோடு மேற்கு மூலைக்கு நடந்தார்.

அரிசிப் பானையோடு அப்படியே நின்றேன். ரேடியோவுக்காகத்தான் போகிறார் என்று அதுவரை என்னை நானே ஏய்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். உள்ளுக்குள் ஒன்றும் இல்லை என்று மாமி சொன்ன மனிதருக்குள் நிறைய இருந்தது. அதெல்லாம் என் கண் முன்னாலேயே அடுத்த கொட்டிலுக்குப் போய்க்கொண்டிருந்தது. எனக்கு வந்தது சோறு போடுகிற வேலை மட்டும்தான்.

கடைசியில் வன்னியை விட்டு வெளியே போக ரீச்சருக்குப் பாஸ் கிடைத்தது. வவுனியா போய், கொழும்பு போய், புருசனிடம் போகிற ஏற்பாடு. போகிற அன்று வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணையைப் போலை கதை சொல்லுற ஆளை நான் காணேல்லை, அக்கா. நீங்கள் குடுத்து வைச்சனீங்கள்."

சிரித்து வைத்தேன். வழியில் சமைக்கவென்று ஒரு பொதி கருவாடும் கட்டிக் கொடுத்தேன். போகிற ஆளுக்குக் கொடுப்பதில் நான் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை.

இனி எனக்குத்தான் என்று நினைத்தேன். எங்கே? இவர் பழையபடி சாப்பிட்டார், படுத்தார், எழும்பினார். மேற்கு மூலைக் கொட்டிலைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மத்தியானம் சோற்றைப் போட்டுவிட்டுக் கேட்டேவிட்டேன்.

"அவாவோடை அவ்வளவு நாளும் என்னதான் கதைச்சனீங்கள்?"

இவர் யோசித்தார். "அவா கேட்டவா. நான் சொன்னனான்."

"என்ன கேட்டவா?"

"குளத்தைப் பற்றி. யானையைப் பற்றி. இளந்தாரியா இருக்கேக்கை என்ன செய்தனான் எண்டு." சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார். "நீ ஒருநாளும் கேக்கேல்லையே."

அந்தக் கேள்விகளைக் கேட்க வேண்டும் என்று எனக்கு யார் சொல்லித் தந்தது? ஆனாலும் விடவில்லை.

"இப்ப கேக்கிறன். யானையைப் பற்றிச் சொல்லுங்கோ."

சொன்னார். தனியாக வயல் காவலுக்குப் போன முதல் தடவை யானை வந்துவிட்டதாம். கத்திக் கலைக்க வேண்டும், பயத்தில் குரல் வரவில்லையாம். வாயில் வந்தது தேவாரம். பாடினாராம். யானை காதை ஆட்டிக்கொண்டு நின்று கேட்டதாம். நிறுத்தினால் கிட்ட வந்துவிடும் என்ற பயத்தில் தெரிந்த தேவாரமெல்லாம் பாடி முடித்து, வேறொன்றும் தெரியாமல், பள்ளிக்கூடத்தில் படித்த வாய்ப்பாட்டை அதே பண்ணில் பாடத் தொடங்கினாராம்.

ஒரு சொல் தடக்காமல் சொன்னார். எங்கே குரலைத் தாழ்த்துவது, எங்கே கையை விரிப்பது, எல்லாம் பழகியிருந்தது. வாய்ப்பாடு வந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டு, என் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். ரீச்சர் அந்த இடத்தில்தான் சிரித்திருக்கிறார் என்று எனக்கு விளங்கியது.

எனக்கும் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. நான் சிரிக்கவில்லை.