வீட்டு இலக்கத்தில் ஒரு பெயர்

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதற்குப் பிறகு எழுதியதைவிடக் கையெழுத்து வைத்ததுதான் அதிகம். படித்தவர்கள் இவ்வளவு பேர் இருக்கும்போது நான் பேனையைத் தூக்கியதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். பிள்ளையை ஹொஸ்டலில் விட்டிருக்கிற யாராவது ஒருவர் வாசித்தாலும் போதும்.

என் மகள் தெற்கில் ஒரு பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். தேர்தல் அறிவித்த கிழமை போன் எடுத்தாள்.

"அப்பா, எனக்கு இது முதல் வோட்டு. தபாலில போட ஏலுமோ எண்டு ஆரிட்டயும் கேளுங்கோ."

நான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஐஸ் பக்டரியில் வேலை செய்கிறேன். அங்கே கேட்கக்கூடிய ஆள் இல்லை. அடுத்த வீட்டு டீச்சர் ஒவ்வொரு தேர்தலுக்கும் தபாலில் வாக்களிப்பவர். இரண்டு நாள் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று யோசித்துவிட்டு மூன்றாம் நாள் கேட்டேன்.

"உங்கட மகளும் எலெக்சன் டியூட்டிக்குப் போறாவோ?" என்றார் டீச்சர்.

"இல்லை டீச்சர், படிக்கிறா."

"அப்ப ஏலாது. டியூட்டிக்குப் போற எங்களைப் போல ஆக்களுக்குத்தான் தபால் வோட்டு. படிக்கிற பிள்ளையள் எந்த இடத்தில பதிஞ்சிருக்கினமோ அங்க நேர வந்துதான் போடவேணும். வரச்சொல்லுங்கோ. நீங்களும் தனியச் சமைச்சுத் தனியச் சாப்பிடுறியள், பிள்ளையின்ர முகத்தைப் பார்த்தமாதிரியும் இருக்கும்."

நான் மகளிடம் அப்படியே சொன்னேன். வருகிறேன் என்றாள். தேர்தலுக்காக விடுமுறை விட்டார்களாம். கிண்ணியாவிலிருந்து ஒரு பிள்ளையும் நிலாவெளியிலிருந்து இரண்டு பேரும் அதே பஸ்ஸில் வந்தார்கள்.

தபால்காரர் ஒரு வாக்காளர் அட்டையைத்தான் தந்தார். அதில் என் பெயர் இருந்தது. மகளுடையது பிந்தி வரும் என்று நினைத்தேன். வரவில்லை. "அட்டை இல்லாட்டியும் பரவாயில்லை, அடையாள அட்டை போதும்" என்று பக்டரியில் ஒருவர் சொன்னார். அதையும் மகளிடம் சொன்னேன். வாக்காளர் இடாப்பில் தன் பெயர் இருக்கிறதா என்று அவள் ஒருமுறை கேட்டாள். ஓம், இருக்கும் என்றேன்.

வாக்களிப்பு நிலையம் எங்கள் பள்ளிக்கூடத்தில். நாங்கள் காலையிலேயே போனோம். மகள் தலைக்குக் குளித்து, வெளுத்த நீலச் சட்டை போட்டிருந்தாள். வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்ற மீன்காரர் திரும்பிப் பார்த்து, "கம்பசுக்காரி வந்திட்டா. இனி நாடு திருந்தும்" என்றார்.

"நான் போட்டாப்பிறகு பாருங்கோ மாமா," என்றாள்.

மேசையில் இருந்தவர் அவளுடைய அடையாள அட்டையை வாங்கி, வீட்டு இலக்கத்தைக் கேட்டு, கோடு போடும் அடிமட்டத்தை இடாப்பின் மேல் வைத்துக் கீழே இழுத்தார். பிறகு மேலே போய் மறுபடியும் இழுத்தார்.

"இந்த வீட்டில ஒரு பேர்தான் இருக்கு, தங்கச்சி."

"வடிவாப் பாருங்கோ, சேர்."

அவர் தாளைத் திருப்பிக் காட்டினார். அங்கே என் பெயர் மட்டும் இருந்தது.

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. போன வருடம், மனைவியின் முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த கிழமை, புதிதாக வந்த கிராம சேவகர் வாக்காளர் விபரம் எடுக்க வந்தார். அதற்கு முந்திய வருடங்களில் அதையெல்லாம் மனைவிதான் பார்த்தாள். மகளுக்குப் பதினெட்டு முடிந்ததும் அவளுடைய பெயரைச் சேர்த்ததும் அவள்தான். கிராம சேவகர் கதிரையில் இருந்து, "இப்ப வீட்டில ஆர் ஆர் இருக்கினம்?" என்று கேட்டார்.

"நான் மட்டும்," என்றேன்.

"மகள்?"

"அவ இங்க இல்லை."

அவர் படிவத்தில் மனைவி, மகள் இரண்டு பெயர்களின் மேலும் கோடு போட்டார். நான் கையெழுத்து வைத்தேன். பிறகு தேர்தல் கந்தோரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அந்த நாட்களில் வந்த எந்தக் கடிதத்தையும் நான் பிரிக்கவில்லை. ஹொஸ்டலில் இருக்கிற பிள்ளையும் வீட்டில் இருக்கிற ஆள்தான் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னேன், அவ்வளவுதான்.

"ஐயா, உங்களுக்கு இருக்கு. நீங்கள் போடலாம்," என்றார் மேசையில் இருந்தவர்.

வரிசை எங்களுக்குப் பின்னால் நின்றது. மகள் அடையாள அட்டையைப் பைக்குள் வைத்தாள்.

"போய்ப் போடுங்கோ அப்பா. ஆக்கள் நிக்கினம்."

நான் உள்ளே போனேன். சின்ன விரலில் மை பூசினார்கள். பெட்டிக்குள் தாளைப் போட்டேன். யாருக்குப் போட்டேன் என்பது வெளியே வரும்போது எனக்கே சரியாக நினைவில்லை. என்னிடம் எந்த உணர்ச்சியும் இருக்கவில்லை. அந்த ஒரு வருடமும் அப்படித்தான் இருந்தது.

அவள் மதிலோரம் நிழலில் நின்றாள். நாங்கள் கடற்கரை வீதியால் நடந்தோம். அவளுடைய போன் இரண்டு மூன்று முறை சத்தம் போட்டது. சிநேகிதிகள் மை பூசிய விரலைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார்கள். பார்த்துவிட்டுப் போனை அணைத்தாள்.

"அம்மான்ர பேரை வெட்டேக்க என்ர பேரையும் வெட்டச் சொன்னனீங்களோ?"

"வெட்டச் சொல்லேல்ல. நீ இங்க இல்லை எண்டு சொன்னனான்."

பையை மற்றத் தோளுக்கு மாற்றினாள்.

"ஒன்பது மணித்தியாலம் பஸ்ஸில நிண்டு வந்தனான், அப்பா."

"தெரியும்."

"ஹொஸ்டலில படுக்கிறன். நான் இருக்கிறது இங்கதான்," என்றாள். குரல் உயரவில்லை. "இனி அந்தப் படிவம் வந்தா எனக்குப் போன் எடுங்கோ. நான் சொல்லுறன், நீங்கள் எழுதுங்கோ."

ஓம் என்றேன். மத்தியானம் அவள் மீன் வெட்டினாள். நான் சோறு வடித்தேன். இரண்டு பேரும் குசினியில் இருந்து சாப்பிட்டோம். அவள் இரண்டாம் தரம் சோறு போடவில்லை.

அடுத்த நாள் காலை, பெயரைத் திரும்பச் சேர்ப்பது பற்றிக் கேட்கக் கிராம சேவகரின் கந்தோருக்குப் போனோம். பூட்டியிருந்தது. மகள் பத்து மணி பஸ்ஸில் போனாள்.