சிவப்புப் பெருக்கல் குறி

என் வீட்டுக்காரர் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருந்தார். மண் வாரும் பெரிய இயந்திரங்களுக்கான பாகங்களை வெர்னியரால் அளந்து, அளவு தப்பியவற்றின் மேல் சிவப்புப் பெயிண்டால் பெருக்கல் குறி போடுவது உத்தியோகம். வீட்டில் தோசையின் வட்டத்தைக்கூட அவர் சும்மா விட்டதில்லை. நானோ கொல்லையில் சூளை கட்டி, சக்கரத்தில் களிமண் வனையும் ஆள். எந்தப் புண்ணியவான் எங்களுக்குப் பொருத்தம் பார்த்தாரோ தெரியவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் பெங்களூரில் ஒரு கைவினைக் கடை இருபத்துநான்கு காப்பிக் கோப்பைகள் கேட்டது. பிடித்துவிட்டால் கடையில் ஓர் அலமாரி முழுக்க எனக்கு. பிடிக்காவிட்டால் சூளையை இடித்துவிட்டு டைப்ரைட்டிங் சொல்லித்தரப் போகிறேன் என்று நானே வாய்விட்டிருந்தேன்.

புறப்படுவதற்கு முந்தின நாள் கோப்பைகளைப் பொதிய வைக்கோல் வாங்க ஆண்டர்சன்பேட்டை போனேன். திரும்பி வந்தால் இருபத்திரண்டு கோப்பைகளின் வயிற்றில் சிவப்புப் பெருக்கல் குறி. காலை ஷிப்ட் முடித்து வந்தவர் எனக்கு உதவி செய்திருக்கிறார்.

“இன்னாங்க பண்ணி வெச்சிருக்கீங்க?”

“ரெண்டுதான் பாஸ். மத்ததெல்லாம் வாய் அகலம் ஒண்ணுக்கொண்ணு ஒத்துவரல. குறி போடலன்னா யாராவது தெரியாம ஃபிட் பண்ணிடுவாங்க.”

“கோப்பைய எதுலங்க ஃபிட் பண்ணுவாங்க?”

கொஞ்சம் யோசித்தார். “வாயில,” என்றார்.

மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்தேன். வெளிப்புறம் மெருகு பூசாத மண் என்பதால் பெயிண்ட் உள்ளே இறங்கிவிட்டது. அழுகை வந்தது, அதைவிட ஆத்திரம் வந்தது. அன்றைக்கு அவருக்கு ரசம் கிடையாது.

மறுநாள் மாரிகுப்பத்தில் ரயிலேறி, கூடையை மடியில் வைத்துக்கொண்டு, கடைக்காரம்மாவிடம் சொல்ல ஏழெட்டுப் பொய்களை ஒத்திகை பார்த்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை. அந்தம்மா கோப்பைகளை வரிசையாக வைத்துப் பார்த்தார்.

“டிசைன் தும்பா சென்னாகிதே,” என்று கன்னடத்தில் மெச்சியவர், பாஸான இரண்டை மட்டும் தனியே தள்ளினார். “இதுல மார்க் இல்லியே. டிஃபெக்ட் பீஸா?”

அடுத்த ஆர்டரில் எல்லாவற்றிலும் குறி வேண்டுமாம். நானே போட்டுப் பார்த்தேன். அவர் கையில் வரும் அந்த அலட்சியமான இழுப்பு எனக்கு வரவில்லை. அவரோ மூக்குக் கண்ணாடியை மாட்டி, வெர்னியரின் பொடிக்கோடுகளைப் பார்த்து அளக்காமல் பிரஷ்ஷைத் தொட மாட்டார். “நல்ல மாலுக்கு செவப்பு போட்டா அது பொய் ரிப்போர்ட்டும்மா.” ஆகவே நான் கோணலாக வனைந்தேன், அவர் மனமார நிராகரித்தார், குடும்பம் நன்றாகவே நடந்தது.

கடைசியில் என் கையே எனக்கு வினையானது. வனைய வனையத் தேறிப்போய், கோணலாக்க நினைத்தாலும் எல்லாம் ஒரே அளவாக வந்து நின்றன. ஓர் ஆர்டரில் முக்கால்வாசி பாஸ். அலமாரி போச்சு என்று சக்கரத்தின் முன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வெர்னியரை எடுத்து, முதல் கோப்பையிலிருந்து மறுபடி அளக்க ஆரம்பித்தார்.

“ஒண்ணுகூடத் தேறாதும்மா,” என்றார்.

எனக்கு அந்த மனுஷன் மேல் அப்படியொரு ஆசை வந்தது. பிரஷ்ஷை எடுத்துக் கொடுத்தேன்.