பானைக்குள் போன ஓலை

திங்கட்கிழமை காலை ஒரு தேர்தல் பார்த்தேன். மைக் இல்லை, பிரியாணி இல்லை. ஒரு மண்பானை, கொஞ்சம் பனையோலை நறுக்கு... அவ்வளவுதான்.

உத்திரமேரூர் பக்கத்துக் கிராமம். அரசு நடுநிலைப் பள்ளி. ஏரிக்குத் தண்ணீர் வரும் கால்வாயைப் பார்த்துக்கொள்ள மாணவர்களே ஒரு 'ஏரி வாரியம்' அமைக்கிறார்கள். அதற்கு ஆள் எடுக்கத்தான், பெயர் எழுதிய ஓலைகளைப் பானையில் போட்டுக் குலுக்கி எடுக்கும் குடவோலை. அதன் சட்டதிட்டமெல்லாம் எங்கள் உத்திரமேரூர்க் கோயில் சுவரில் கல்வெட்டாகவே இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் வந்தால் பெருமையாகக் காட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவோம். இந்தப் பிள்ளைகள் அதைப் படித்துத் தொலைத்துவிட்டார்கள். வம்பு அங்கேதான் ஆரம்பம்.

சுற்றுச்சூழலுக்குப் பிள்ளைகளைக் கூப்பிட்டால் நமக்குத் தெரிந்தது ஊர்வலம்தானே? கையில் அட்டை, தலையில் தொப்பி, முடிந்ததும் பிளாஸ்டிக் கப்பில் ஜூஸ். இங்கே கதை வேறு.

முந்தின வியாழக்கிழமை விதிமுறை பேச உட்கார்ந்தார்கள். சயின்ஸ் டீச்சர் என்னையும் கூப்பிட்டிருந்தார். ஏழாம் வகுப்பு கௌசல்யா எழுந்தாள். கால்வாய் வேலையைக் கிளப்பிவிட்டதே அவள்தான். மண்வெட்டியை எடுத்தால் கீழே வைக்காத பெண்.

"கணக்கு காட்டாதவங்களோட சொந்தக்காரங்களும் நிக்கக் கூடாதுன்னு கல்வெட்டுல கீது. நாமளும் வெச்சிக்கலாம். கால்வாயில குப்ப கொட்றவங்க வூட்டுப் புள்ளைங்க வாரியத்துல வேணாம்."

கைதட்டல் அடங்குவதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு பையன் கேட்டான்.

"அப்ப உங்க நைனா கடை பிளேட்டெல்லாம் எங்க போவுது?"

கௌசல்யாவின் அப்பா தெருமுனையில் டிபன் கடை வைத்திருக்கிறார். கடைக்குப் பின்னாலேயே கால்வாய். ஊருக்கே தெரிந்த விஷயம். டீச்சர் சமாதானமாக ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கௌசல்யா முன்னால் போய், மேசையில் எழுதி வைத்திருந்த ஓலைகளில் தன் பெயருள்ளதை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டாள். கண் கலங்கியிருந்தது. ஆனால், 'அந்த விதி வேண்டாம்' என்று அவள் சொல்லவில்லை. நாமாக இருந்தால் முதலில் விதியைத்தானே திருத்தியிருப்போம்?

மறுநாள் காலை அவள் அப்பா பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார்.

"இன்னா டீச்சர்... புள்ள ராத்திரி சாப்புடவே இல்ல. அவள நிக்கக் கூடாதுன்னு யாரு சொன்னது?"

"நான்தான் நைனா" என்றாள் கௌசல்யா.

மனுஷர் வந்த வழியே திரும்பிப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை, யாவாரம் நன்றாக ஓடும் நாள், டிபன் கடை பூட்டிக் கிடந்தது. எட்டிப் பார்த்தால் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கால்வாய்க்குள் நிற்கிறார். பேப்பர் பிளேட்டையும் கவரையும் வாரி வாரிச் சாக்கில் போடுகிறார். சாக்கின் வாயைப் பிடித்துக்கொண்டு கௌசல்யா.

"இன்னா சார் பண்றது? வூட்ல ஒரே பேஜாரா பூடுச்சி. இனிமே பார்சலுக்குத் தூக்கு கொண்ணாந்தாதான் சாம்பார்னு சொல்லிட்டேன்" என்றார் என்னிடம்.

திங்கட்கிழமை, கேள்வி கேட்ட அதே பையன் கௌசல்யாவிடம் போய், "ஓலையக் குடு" என்று வாங்கி, அவன் கையாலேயே பானைக்குள் போட்டான். ஒருவரும் மறுக்கவில்லை.

ஒன்றாம் வகுப்புக் குழந்தை ஒன்று பானைக்குள் கையை விட்டு, வாரியத்துக்கு எத்தனை பேர் வேண்டுமோ அத்தனை ஓலையை ஒவ்வொன்றாக எடுத்தது. டீச்சர் வாசித்தார். கடைசி ஓலை வரை... கௌசல்யா பெயர் வரவில்லை.

முதலில் கைதட்டியது அவள்தான். வாரியத்தில் இடம் கிடைக்காத அந்தப் பெண்ணை நினைத்து எனக்கு அவ்வளவு பெருமை.

வாசலில் நின்றிருந்த அப்பாவுக்குத்தான் மனசு ஆறவில்லை. மெல்ல உள்ளே வந்தார்.

"இன்னொரு தபா குலுக்க முடியாதா டீச்சர்?"

டீச்சர் பதில் சொல்வதற்கு முன் மகள் சொல்லிவிட்டாள்.

"அது கள்ள ஓட்டு நைனா."

இவளுக்கு ஓட்டுரிமை வர இன்னும் சில வருஷம் இருக்கிறது. வேட்பாளர்கள் இப்போதே தயாராக ஆரம்பிப்பது நல்லது.