குழாய் மேலே வைத்த பாய்லர்

கல்யாணமாகி மலாக்காவின் காஜா பெராங்கில் இருந்த வீட்டுக்குள் நான் நுழைந்தபோது, குளியலறை மூலையில் அந்தச் செம்பு பாய்லர் நின்றிருந்தது. என் கணவரும் அவருடைய முதல் மனைவியும் சேர்ந்து போய் வாங்கியது. அந்த அக்கா காய்ச்சலில் இறந்து மூன்று வருடமாகியிருந்தது. நடுவிலுள்ள குழலில் கரி போட்டுப் பற்றவைத்து, காலையில் தண்ணீர் சுடவைப்பதை என் கணவர்தான் செய்வார். என்னைச் செய்ய விட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த அடுத்த வருடம் எனக்கு எட்டாம் மாதம். பாய்லர் அதற்குள் மூன்று இடத்தில் ஒட்டுப் போட்டதாகிவிட்டது. அடித்தட்டிலிருந்து தண்ணீர் சொட்டி நெருப்பை அணைக்கும்; அவர் மறுபடி ஊதுவார். நாலாம் தடவை கொண்டுபோனபோது தகரக்கடைச் சீனர் விரலால் தட்டிப் பார்த்து, "தா போலே", முடியாது என்று கையை விரித்துவிட்டாராம்.

"வேற வாங்கிடலாம். மழை விடட்டும்" என்றார் இவர். மழை விட்டது. "தீபாவளி முடியட்டும்" என்றார். தீபாவளியும் முடிந்தது. இன்னொருத்தி ஆசையாக வாங்கிய பொருளைத் தூக்கிப் போடச் சொல்ல நான் யார் என்றுதான் தோன்றியது.

ஒரு நாள் காலை அடித்தட்டின் ஒட்டு விட்டுவிட்டது. கொதித்த தண்ணீர் அவர் இடது பாதத்தில் கொட்டியது. ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸராக இருந்தவர், தானே மருந்து போட்டுக் கட்டிக்கொண்டார். நல்லவேளை, அங்கே நான் நிற்கவில்லை. அதையேதான் அவரும் நினைத்திருப்பார். கட்டை இறுக்கியபடி என் வயிற்றைப் பார்த்தார்.

"என்னங்க, தெங்கேராவுக்குப் போய் அக்காவோட அம்மாகிட்ட, பாய்லர மாத்தலாமான்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு வரலாமா?" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார். என்னைக் கட்டிக்கொண்ட பிறகு அந்த வீட்டுப் படியை அவர் மிதித்ததே இல்லை. "என்ன மூஞ்ச வச்சிக்கிட்டுப் போறது?" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று சக்கரத் திரிஷா வண்டியில் போனோம். வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அந்த அம்மா என்னைப் பார்த்தார், என் வயிற்றைப் பார்த்தார், கட்டுப் போட்டிருந்த இவர் காலைப் பார்த்தார். "மொதல்ல உள்ள வந்து உக்காரு தாயி" என்றார்.

இவர் தலை குனிந்துகொண்டு விஷயத்தைச் சொன்னார்.

"அந்த பாய்லரையா இன்னும் வச்சிருக்கீங்க?" அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வாங்கின மறுவாரமே எம்மவ எங்கிட்ட வந்து மூக்கால அழுதா, தம்பி. செஞ்சவன் குழாய மேல வச்சிட்டான்மா, பாதித் தண்ணி அடியிலயே நிக்குது, மாத்தணும்னு."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே அத்தை."

"எப்படிச் சொல்லுவா? நீங்க அவ்ளோ பெருமையா பத்த வைப்பீங்களாம். பாவம், ஆசையா செய்றாருன்னு விட்டுட்டா."

இவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். இவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். அந்த அம்மா அவர் முதுகில் கை வைத்துக்கொண்டே என் கையையும் பிடித்துக்கொண்டார்.

அடுத்த வாரம் பழைய பாய்லரையும் ஏற்றிக்கொண்டு மூவருமாக மலாக்கா டவுனுக்குப் போனோம். கடைக்காரர் மின்சாரத்தில் சுடும் ஒன்றைக் காட்டினார். எங்கள் வீட்டு வயர் விளக்குக்கே திணறும். செம்பிலேயே பார்த்தோம். அந்த அம்மா ஒவ்வொன்றின் குழாயும் எந்த உயரத்தில் இருக்கிறதென்று குனிந்து பார்த்து, "இது வேணாம், இதுவும் வேணாம்" என்று தள்ளினார். கடைசியில் இவர் என்னிடம் திரும்பி, "நீ சொல்லும்மா. உனக்கு எது தோது?" என்றார். அகலமான அடியும், தரையிலிருந்து வாளி உயரத்தில் குழாயும் உள்ள ஒன்றைக் காட்டினேன். பழையதைச் செம்பு விலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்றார் கடைக்காரர். இவர் அதை ஒருமுறை தடவிவிட்டுக் கொடுத்தார்.

புது பாய்லரில் நானும் கரி போடத் தொடங்கினேன். மகள் பிறந்தபோது என்னையும் குழந்தையையும் குளிப்பாட்டிவிட அந்த அம்மா தெங்கேராவிலிருந்து வந்தார். முப்பது நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று வந்தவர், மகள் நடக்கத் தொடங்கும்வரை எங்களோடு இருந்தார்.