பூனைக்கு ஒரு பல் கேட்டேன்

என் மகளுக்கு இந்த வாரம் முன்பல் ஆடத் தொடங்கியிருக்கிறது. காலையில் ஒரு தடவை, சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தடவை அவள் வாயைத் திறந்து பார்க்கிறேன். அடிக்கடி தொட்டால் முளைக்கிற பல் கோணலாகிவிடுமோ என்ற பயமும் இருக்கிறது. தொடாமல் இருக்கவும் முடியவில்லை. ஒரு பல்லுக்காக நான் இவ்வளவு கவலைப்பட்டது இதற்கு முன் ஒரே ஒரு தடவைதான். அது பூனையின் பல்.

அப்போது எனக்கு ஏழு வயது. தேற்றாத்தீவில் எங்கள் வீட்டில் சாம்பலன் என்றொரு கடுவன் பூனை இருந்தது. நெல் அறைக்கு அதுதான் காவல். வாவிக்கு அக்கரையில், பழுகாமத்துப் பக்கம் இருந்த வயல் அம்மாவுக்குச் சீதனமாக வந்தது. வீடும் அப்படியே. ஆகவே நெல்லைப் பற்றியும் எலியைப் பற்றியும் பூனையைப் பற்றியும் தீர்ப்புச் சொல்பவர் அம்மாதான். அப்பா இப்படியான வழக்குகளில் வெற்றிலை மென்றபடி பேசாமல் இருப்பார்.

ஒருநாள் விதைநெல் மூடையின் அடியில் கை நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டையை அம்மா கண்டார். சாம்பலன் அந்த மூடையின் மேலேயே படுத்து உறங்கிக்கொண்டிருந்தது. வயலைப் பார்த்துவந்த சின்ன மாமா, அம்மாவின் தம்பி, அன்று தோணியில் நெல் கொண்டுவந்திருந்தார். பூனையைப் பிடித்து வாயைப் பிளந்து பார்த்தவர் உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"என்ன நாத்தம்! பல்லு முரசெல்லாம் வீங்கிச் செவந்து கிடக்கு. பாதிப் பல்லு இல்லக்கா. இது எலி பிடிக்கிறதா? எலிதான் இதைப் பிடிக்கும்."

"அப்ப கொண்டுபோய் வயல் வாடியில உடு. நல்ல குட்டியொண்டு பார்த்துக் கொண்டுவா" என்றார் அம்மா.

"அடுத்த முறை வாறப்போ சாக்கொண்டு கொண்டுவாறன்" என்று சொல்லிவிட்டு மாமா போய்விட்டார்.

வயல் காவலுக்குப் போட்ட குடிசையான அந்த வாடியைச் சுற்றி மாலையானால் நரி ஊளையிடும் என்று மாமாவே எனக்குச் சொல்லியிருக்கிறார். பல்லில்லாத பூனை அங்கே எத்தனை நாள் இருக்கும்? அன்றிலிருந்து அது சாப்பிடுவதை உற்றுப் பார்த்தேன். தலையை ஒரு பக்கம் சாய்த்து மெல்லும்; பாதியில் மீனைக் கீழே போட்டுவிட்டு முன்காலால் வாயைச் சுரண்டும்; தாடையிலிருந்து எச்சில் வடியும். மூன்றாம் நாள் அதன் சிரட்டையில் சோற்றோடு ஒரு நீளமான பல் கிடந்தது.

எனக்கு வந்தது துக்கமல்ல, சந்தோஷம். அதற்கு முந்திய வாரம்தான் என் முன்பல் விழுந்திருந்தது. அதைச் சாணியில் பொதிந்து கூரைமேல் எறிந்து, பழம்பல்லை எடுத்துக்கொண்டு புதுப்பல் தரும்படி அணிலிடம் கேட்டிருந்தேன். சாம்பலனுக்கும் அப்படியே கேட்டால் என்ன?

அம்மா அரிவாளில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். "சாம்பலனுக்குப் புதுப் பல்லு முளைச்சா இஞ்சயே இரிக்கலாமா அம்மா?"

"முளைச்சா இரிக்கட்டும். இப்ப எழும்பிப் போ, செதில் தெறிக்கும்."

வாக்குக் கிடைத்துவிட்டது. ஆனால் கூரையைப் பார்த்து நின்றபோதுதான் சிக்கல் விளங்கியது. சாம்பலன் தன் நல்ல காலத்தில் எத்தனையோ அணில்களைத் தின்றிருக்கிறது. எந்த அணில் அதற்குப் பல் கொடுக்கும்? நீண்ட நேரம் யோசித்தேன். பொய் சொல்வது பாவம் என்று மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன். அணிலிடம் சொல்வதும் அதில் சேருமா என்று யாரும் சொல்லித் தந்ததில்லை. கடைசியில் பல்லைச் சாணியில் பொதிந்து எறிந்து, "அணிலே, இதுவும் என்ட பல்லுத்தான்" என்று சொன்னேன்.

பிறகு தினமும் பள்ளிக்குப் போகுமுன் பூனையின் வாயைத் திறந்து பார்ப்பேன். கையெல்லாம் கீறல். ஒன்றும் முளைக்கவில்லை, இன்னொரு பல்தான் விழுந்தது. மீனைப் பிசைந்து சோற்றோடு குழைத்துக் கொடுத்தேன். அந்த நாட்களில் சட்டியின் ஓரத்தில் முள் எடுத்த திரளி மீன் துண்டொன்று எப்போதும் மிஞ்சிக் கிடக்கும். என் அதிர்ஷ்டம் என்று நினைத்து எடுத்துக்கொள்வேன்.

ஒரு மாதம் போயிருக்கும். ஒருநாள் நாக்கால் தடவிப் பார்த்தபோது என் முரசில் புதுப்பல் ஒன்று தட்டுப்பட்டது. அது பழைய பல்லைப்போல் வழவழப்பாக இல்லை. விளிம்பில் மூன்று கூர்கள், மரம் அறுக்கும் வாளின் பல்லைப்போல. பிள்ளைகளின் முன்பல் முளைக்கும்போது அப்படித்தான் இருக்கும் என்பது எனக்குத் தெரியாது. அணில் பூனையின் பல்லை எனக்குத் தந்துவிட்டது என்பதே எனக்குத் தெரிந்தது. நான்தானே என் பல் என்று சொன்னேன்.

இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. காய்ச்சலோ என்று அம்மா கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். மூன்றாம் நாள் மாமா சாக்கோடு வந்து நின்றார். அதைக் கண்டதும் என்னை அறியாமல் வாய் திறந்துவிட்டது.

"அம்மா, சாம்பலன்ட பல்லு எனக்கு முளைச்சிட்டு!"

அம்மா என்னை வாசல் வெளிச்சத்துக்கு இழுத்து, நாடியைத் தூக்கி, பல்லை விரலால் தடவினார்.

"கவனம்கா, கடிக்கப் போகுது" என்றார் மாமா.

அழுதழுது எல்லாவற்றையும் சொன்னேன். மாமா சிரிக்கத் தொடங்கினார். அம்மா பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார்.

"அணிலுக்கு என்னெண்டு சொன்ன?"

"என்ட பல்லெண்டு."

அம்மா என் நாடியை விட்டார். "அப்ப பிழை நம்மட பக்கம். அதிட பல்லை நாம வாங்கி வச்சுக்கொண்டு, அதை எப்பிடி வெளிய அனுப்புற?" பிறகு மாமாவிடம், "சாக்கைச் சுருட்டு. குட்டியையும் கொண்டுவா, இதுவும் இரிக்கட்டும்" என்றார்.

"பல்லில்லாத பூனைக்கு வீணாச் சோறு போடப்போறீங்களா?"

"நீ எத்தினை எலி பிடிச்ச? உனக்குச் சோறு போடல்லையா?"

சாம்பலன் இன்னும் மூன்று வருடம், ஒரு பல்லும் இல்லாமல், குழைசோறு தின்று கொழுத்து வாழ்ந்தது. எலியைக் குட்டி பார்த்துக்கொண்டது. அம்மா செய்தது சரிதானா என்று இப்போது சில வேளை யோசிக்கிறேன். பொய் சொன்ன பிள்ளையைக் கண்டிக்கவில்லை. அந்தப் பொய்யை நம்பியதுபோலத் தீர்ப்பும் சொன்னார். நானாக இருந்தால் பிள்ளையை உட்காரவைத்து, பல் எப்படி முளைக்கிறது என்று பொறுமையாக விளக்கியிருப்பேன். பூனை போயிருக்கும்.

அன்று தீர்ப்பைச் சொன்னதும் அம்மா விறுவிறென்று நெல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே மூச்சுத் திணறுவதுபோல ஒரு சத்தம் கேட்டது. என் பொய்யால் அம்மா அழுகிறார் என்று நினைத்தேன். கதவில் முகத்தை வைத்து, "அழாதீங்கம்மா, இனி அணிலுக்கு உண்மையே சொல்றன்" என்றேன்.

உள்ளே சத்தம் இன்னும் கூடியது.