ராயபுரத்தில் முதல் ரவுண்டும் காலடிப்பேட்டை ஊர்வலமும்

போன ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தைய ஞாயிறு, காத்திவாக்கத்திலிருந்து ராயபுரம் போய் வந்ததைப் பற்றி எழுதுகிறேன். என் வயதில் குத்துச்சண்டை பழகப் போகலாமா என்று யோசிப்பவர்களுக்கு உதவும். எங்கள் தெருவில் இந்தப் பயணத்தைப் பற்றி வேறு ஒரு கதை ஓடுகிறது. அது சரியில்லை என்பதும் எழுத ஒரு காரணம்.

எனக்கு வயது அறுபத்தாறு. மணலியில் உர மூட்டை ஏற்றும் வேலை பார்த்தேன். வேலையை விட்ட பிறகு முதியோர் வகுப்பில் சேர்ந்து எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டேன். அன்றிலிருந்து பால் வாங்கப் போனால்கூட வீடு திரும்ப நேரமாகிறது. வழியில் இருக்கும் சுவரையெல்லாம் படிக்க வேண்டியிருக்கிறது. அப்படி ஒருநாள் மெட்ரோ தூணில் ஒட்டியிருந்த தாளைப் படித்தேன். தொடக்கநிலைக் குத்துச்சண்டைப் பயிற்சி, ஞாயிறு காலை, ராயபுரம், வயது வரம்பு இல்லை. கடைசி வரியைத் தப்பாகக் கூட்டிவிட்டேனோ என்று சந்தேகம். பக்கத்தில் நின்ற பெண்ணிடம் கேட்டேன். சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள் என்றாள். சேர்ந்துவிட்டேன்.

வழி சொல்கிறேன். காத்திவாக்கத்தில் ஷேர் ஆட்டோ பிடித்தால் விம்கோ நகர் மெட்ரோவுக்கு இருபது ரூபாய். காலை ஐந்தேகாலுக்கே ஆட்டோ கிடைக்கும், ஆனால் ஆள் சேரும்வரை எடுக்கமாட்டார்கள். மெட்ரோவில் வண்ணாரப்பேட்டை வரை சுமார் இருபது நிமிடம். இடது பக்கம் உட்காருங்கள். திருவொற்றியூர் தாண்டும்போது வீடுகளுக்கு நடுவே கடல் தெரியும், கீழே கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கும். புது வண்ணாரப்பேட்டைக்குப் பிறகு ரயில் தரைக்குள் போய்விடும், பார்க்க ஒன்றும் இல்லை. நான் அப்போது கதவின் மேலே இருக்கும் ஸ்டேஷன் பெயர்களைப் படிப்பேன். வண்ணாரப்பேட்டையில் இறங்கி நடந்தால் இருபது நிமிடத்தில் பயிற்சிக்கூடம். ஒரு பழைய கிடங்கு. தகரக் கூரை. எட்டு மணிக்கு மேல் உள்ளே வேகும்.

இரண்டு மாதம் கயிறு தாண்டினேன், மூட்டையைக் குத்தினேன். மூட்டை எனக்குப் பழகிய பொருள்தான். பிறகு பயிற்சி தரும் மாஸ்டர் இரண்டு கையிலும் திண்டு மாட்டிக்கொண்டு எதிரே நிற்பார். ஒரு திண்டை முகத்துக்கு நேராகப் பிடித்திருப்பார். சட்டென்று இறக்குவார். இறக்கிய நொடியில், அதன் பின்னால் இருக்கும் இன்னொரு திண்டில் நான் குத்த வேண்டும். "கை எறங்குச்சா, போடு. யோசிக்காத. யோசிச்சா அவன் போடுவான்." இதையே வாராவாரம் செய்தோம். எனக்கு நன்றாக வந்தது. கிழவனுக்கு இந்த வேகமா என்று மற்றவர்கள் சொல்லும்போது கேட்காத மாதிரி முகத்தை வைத்துக்கொள்வேன். தெருவில் வந்து எல்லோரிடமும் சொல்வேன்.

அந்த ஞாயிறு மாஸ்டர் என்னை முதல் முறையாக ரிங்குக்குள் ஏற்றினார். ஸ்பாரிங் என்பார்கள். ஒருவரோடு ஒருவர் பழகிப் பார்ப்பது, சண்டை இல்லை. புதியவர்களின் வகுப்பு முடிந்த பிறகுதான் அது நடக்கும். நான் வெயிலுக்கு முன் வீடு போய்ச் சேர வேண்டும் என்று சீக்கிரமே கிளம்பிவிடுவேன். அதனால் ஒரு ஸ்பாரிங்கைக்கூடப் பார்த்ததில்லை.

எனக்கு ஜோடி ராஜா. முப்பது வயதுக்குள் இருக்கும். புளியந்தோப்பு அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு. கல்யாண பேண்டு செட்டில் டிரம்பெட் வாசிப்பவர். மூச்சு பலப்பட வேண்டும் என்றுதான் குத்துச்சண்டைக்கு வந்தாராம். வாயில் அடி படக்கூடாது என்பதால் வலுவான ஆட்களோடு மாஸ்டர் அவரை நிறுத்துவதில்லை. தாத்தாவோடு நிறுத்தினால் பயமில்லை என்று என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும்.

மணி அடித்தது. ராஜா இரண்டு எட்டு முன்னால் வந்து, முகத்தை மூடியிருந்த கைகளை இறக்கி என் பக்கம் நீட்டினார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். கை இறங்கியது. நான் போட்டேன்.

ரவுண்டு தொடங்கும் முன் இருவரும் கையுறையோடு கையுறை தொட்டுக்கொள்வது வழக்கம். உன்னை நம்பி நிற்கிறேன் என்பது மாதிரி. ரிங்குக்கு வெளியே நின்ற சின்னப் பிள்ளைகளுக்குக்கூட அது தெரியும். எனக்குத் தெரியாது. ராஜா சொல்ல வந்தது "மெதுவா போலாம் தாத்தா" என்பதாம்.

மேலுதடு உள்பக்கம் பல்லில் மாட்டிக் கிழிந்துவிட்டது. கூடத்தில் யாரும் பேசவில்லை. மாஸ்டர் உள்ளே ஏறி ராஜாவின் வாயைத் திறந்து பார்த்தார். என்னைத் திட்டவில்லை. "தப்பு என்னுது. உனக்குச் சொல்லிக் குடுக்காம ஏத்திட்டேன்" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

ராஜா மூலையில் உட்கார்ந்து ஐஸ் வைத்துக்கொண்டார். பிறகு பையிலிருந்து டிரம்பெட்டின் வாய்ப்பகுதியை மட்டும் எடுத்து உதட்டில் வைத்துப் பார்த்தார். வைத்ததும் எடுத்துவிட்டார். திரும்பவும் வைத்தார். அன்று சாயங்காலம் காலடிப்பேட்டையில் ஒரு மாப்பிள்ளை ஊர்வலம். இத்தனை வருடம் பின்வரிசையில் வாசித்தவரை பேண்டு முதலாளி அன்றுதான் முதல் தடவை முன்னால் நிற்கச் சொல்லியிருந்தார். நன்றாக வாசித்தால் இந்தக் கல்யாண சீசன் முழுக்க அந்த இடம் அவருக்கு.

நானும் ஊர்வலத்துக்கு வருகிறேன் என்றேன். வாயில் ஐஸ் இருந்ததால் அவர் பேசியது கொழகொழவென்று வந்தது.

"நீ வந்து இன்னா பண்ணப் போறே? ஊதப் போறியா?"

கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே வந்தேன். ஆனாலும் வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை. ராயபுரத்திலேயே சுற்றினேன். மீன்பிடித் துறைமுகம் வரை நடந்தேன். அங்கே படகுகளின் பெயர்களைப் படிக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. அன்று ஒரு படகின் பெயர்கூட மனதில் நிற்கவில்லை. மத்தியானம் ஒரு கடையில் சாம்பார் சாதம் வாங்கி, பாதி வைத்துவிட்டேன்.

காலடிப்பேட்டைக்கு மெட்ரோவில் ஐந்தரைக்குப் போய்ச் சேர்ந்தேன். ஸ்டேஷனிலிருந்து ஊர்வலம் புறப்படும் இடம் ஐந்து நிமிட நடை. பேண்டு ஆட்கள் சிவப்புக் கோட்டு போட்டுக்கொண்டிருந்தார்கள். ராஜாவின் உதடு மேலும் வீங்கியிருந்தது, உள்ளே இரண்டு தையல். முதலாளி பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகச் சொன்னார். ராஜா போகவில்லை. வராத ஆளின் இடம் அந்த வாரமே வேறு ஆளுக்குப் போய்விடும். கடைசியில் தாளம் தட்டுபவரிடமிருந்து பித்தளைத் தாளத்தை ராஜா வாங்கிக்கொண்டார். தாளக்காரரை ஜெனரேட்டர் வண்டிக்கு அனுப்பினார்கள். அந்த வண்டியைத் தள்ள இரண்டு பேர் வேண்டும். நான் போய்க் கை வைத்தேன். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

முன்வரிசையில் ராஜாவின் இடத்தில் தண்டையார்பேட்டையிலிருந்து அவசரமாக அழைத்து வந்த வேறொருவர் நின்றார். நன்றாகத்தான் வாசித்தார். அவர் உச்சத்துக்குப் போகும்போதெல்லாம் ராஜாவின் கழுத்து தானாக நிமிர்ந்ததைப் பின்னாலிருந்து பார்த்தேன். கையில் தாளம், தொண்டையில் டிரம்பெட். டீசல் புகை முகத்தில் அடித்தது. அதைச் சாக்காக வைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

பாதி வழியில் எங்கள் தெரு ஷாகுல் பாய் எதிரே வந்தார். மணலியில் டேங்கர் லாரி ஓட்டுபவர். மாப்பிள்ளை வீட்டுக்கு வேண்டியவர் போலிருக்கிறது.

"இன்னா நைனா, பாக்ஸிங் போறேன்னு பீத்திக்கினு போனே. இங்க வண்டி தள்ளிக்கினு கீறே?"

நான் வாயைத் திறப்பதற்குள் ராஜா திரும்பி உதட்டைக் காட்டினார். "தாத்தா வுட்ட குத்து பாய் இது. கை இல்ல, கடப்பாரை."

பாய் என் தோளைத் தட்டினார். நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். ராஜா என்னைக் கும்பிட்ட மாதிரி நின்றபோது அடித்தேன் என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். சொல்லவில்லை. வண்டியைத் தள்ளினேன். நான் வீடு திரும்புவதற்குள், வாலிபன் ஒருத்தனின் உதட்டைக் கிழவன் பிளந்த செய்தி எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. மறுநாள் டீக்கடையில் காசு வாங்கவில்லை. டீயைக் குடித்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். முதலில் ஆஸ்பத்திரிக்குப் போய் பிபி பார்த்துச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மாஸ்டர் கேட்பார். தண்ணீரும் துண்டும் எடுத்துப் போங்கள். கைக்குச் சுற்றும் துணி சொந்தமாக இருப்பது நல்லது, பொதுத் துணி நாறும். வெயிலுக்குப் பயந்து சீக்கிரம் கிளம்பாதீர்கள். மற்றவர்கள் ரிங்குக்குள் எப்படி ஏறுகிறார்கள், எப்படி இறங்குகிறார்கள் என்று பல வாரம் உட்கார்ந்து பாருங்கள். தெரியாததைக் கேளுங்கள். படிக்கத் தெரிந்ததும் எல்லாம் தெரிந்த மாதிரி ஒரு நினைப்பு எனக்கு வந்துவிட்டது.

இதுவரை எழுதியதைப் போன ஞாயிறு கூடத்துக்கு எடுத்துப் போனேன். ராஜாவுக்குத் தெரியாமல் வெளியிடக் கூடாது இல்லையா. அவர் இன்னும் இரண்டு வாரம் ஊதக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பெஞ்சில் பக்கத்தில் உட்கார வைத்து எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்டினேன். நேரம் பிடித்தது. பொறுமையாகக் கேட்டார்.

"பேர மாத்திடு தாத்தா. கெழவன்கிட்ட வாங்குனேன்னு ஊருக்குத் தெரிஞ்சா என் மானம் இன்னாத்துக்கு ஆவும்? ராஜான்னு போடு. கெத்தா இருக்கும்."

மாற்றிவிட்டேன்.

பிறகு ஷூ கயிற்றைக் கட்டியபடியே சொன்னார். "எல்லாம் எழுதிக்கீறே. ஒன்னு வுட்டுட்டே."

எது என்று கேட்டேன். அவர் அடுத்த ஷூவின் கயிற்றை இழுத்துக் கட்டினார். எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியும்.

எழுதுகிறேன். ராஜாவின் வாயிலிருந்து ரத்தம் வந்ததும் நான் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினேன். சிரித்தேன். நின்ற இடத்திலேயே குதித்து ஒரு சுற்று சுற்றினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததாக ஞாபகம் இல்லை. எல்லோரும் வாயடைத்து நின்றதை ஆச்சரியம் என்று நினைத்து, அவர்கள் கைதட்டுவதற்காகக் கைகளை இறக்காமல் காத்துக்கொண்டு நின்றேன்.